எத்தனை அடி

முன்பல்லிலிருந்து முப்பதாவது சென்டிமீட்டரில்,
என்று எழுதியிருக்கிறது.
ஒரு அடிப்பா, என்றான் மகன்
போனில் போட்டுப் பார்த்து.
ஒரே அடியா?
திருச்செங்கோட்டு போர் வண்டியில் இருபத்தாறு வருசம்.
ஒரு அடிக்கு நான் பில் போட்டதே இல்லை.

தை மாசம் களி இறங்கவில்லை.
மாசியில் சோறு.
பங்குனியில் ரசம் விட்டுக் கரைத்ததும்
நடுவழியில் நின்றுகொண்டது,
கேசிங்கில் சிக்கிய கல்.

ஈரோட்டில் கிள்ளி எடுத்தார்கள்.
மேலே வரும் மாவை உள்ளங்கையில் தேய்த்து
இது சுக்கான், இது கருங்கல் என்பேனே,
அப்படி யாரோ கண்ணாடியில் பார்த்துப்
பேர் சொல்லிவிட்டார்.
பேர் வேறெங்க, ஆழம் வேறெங்க
என்றார் கோயமுத்தூர் டாக்டரம்மா.
ஆழத்துக்கு இன்னொரு குழாய்.

பிறகு படத்தைக் காட்டினார்.
வெள்ளையும் கறுப்புமாய் வரிவரியாக.
உள்தோல், அதனடியில் மெத்தென்று ஒரு படலம்,
தசை, வெளிப்போர்வை.
அதற்கு அக்கட்டால மூச்சுக்குழாய்,
நெஞ்சின் பெரிய ரத்தக்குழாய்.
"தசையத் தாண்டிருச்சுங்க. போர்வையில நிக்குது."

எத்தனை காட்டில் நின்று சொல்லியிருப்பேன்,
இன்னொரு அம்பது அடி போட்டுப் பாக்கலாமுங்க.
ஆழம் என்றால் நம்பிக்கை என்று விற்றவன்.
இங்கே மேலாகவே நின்றிருந்தால் நல்லதாம்.
புகை மட்டும் கிளம்பும் குழியில்
காட்டுக்காரர் முகம் பார்க்காமல்
கம்ப்ரசரைப் பார்த்துப் பேசுவேன்.
அவரும் படத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

பக்கத்தில் ஒரு நெறிக்கட்டியிலும் ஏறியிருக்கிறது.
"அடுத்தவங்க கெணத்துக்கு ஊத்துக்கண்ணு போறாப்பலயா?"
நாச்சாயி கேட்டது அவருக்குப் புரியவில்லை.
எனக்குப் புரிந்து
தலையைக் குனிந்துகொண்டேன்.

சர்க்கரை ஊசி போட்டு ஒரு மணி நேரம்
பேசாமல் கிடக்கச் சொன்னார்கள்.
பசித்த இடம் மின்னுமாம்.
ஈரலில் புதிதாய் ஒன்றுமில்லை. நுரையீரலில் இல்லை. எலும்பிலும்.

டி மூணு. என் ஒண்ணு. எம் சைபர்.
ஆக மூன்றாம் கட்டம்.
சைபர் விழுந்த காட்டில் பணம் வாங்கக் கூசும் எங்களுக்கு.
இந்த ஒரு சைபரை மட்டும்
சீட்டில் விரல் வைத்து மறுபடி படிக்கச் சொன்னேன்.

இன்றைக்கு ஒரு பெண்பிள்ளை
நெஞ்சில் பேனாவால் பெருக்கல் குறி போட்டாள்.
நீரோட்டம் பார்க்கிறவர் தேங்காய் நிமிர்ந்த இடத்தில்
சுண்ணாம்பால் போடுவாரே, அதே குறி.
இருபத்து மூணு நாளுக்கு அழியக் கூடாதுங்க என்றாள்.

எங்கள் தொழிலில்
மழைக்கு முன்னால் வண்டி வந்துவிட வேண்டும்.
ஈரத்துண்டால் குறியைச் சுற்றிச் சுற்றித் துடைக்கிறாள்
நாச்சாயி.