கூட்டக் குறிப்பு, மூங்கிப்பள்ளம்

பத்தாவது வரை போனவள் என்பதால்
பேனா என் கையில்.
தேதி போட்டேன். இடம்: புங்கமரத்தடி.
வந்தவர்கள் நாற்பத்தி மூன்று பேர்.
ஜவனனும் அவன் மச்சானும் வரவில்லை.
கேவுரு அறுப்பு முடியும்வரை
பரணை விட்டு இறங்கமாட்டார்கள்.
காரணம் எழுதுகிற கட்டம் சின்னது,
‘ஆனை’ என்று மட்டும் எழுதினேன்.

முதலில் தேன்.
மேல்பாறையில் பதினாறு கூடு,
ஆறைத் தொடக்கூடாது, போன வருடம் போலவே.
வழிமொழிந்தவன் பசுவன்.
போன வருடம் ஏழாவதைத் தொட்டு
நானூறு ரூபாய் அபராதம் கட்டியவனும் அவனே,
என் வீட்டுக்காரன்.
ரசீதில் என் கையெழுத்து.

பெங்களூரிலிருந்து வந்தவர்கள் நல்லவர்கள்.
செருப்பைக் கழற்றித் தரையில் உட்கார்ந்தார்கள்.
ஐயாயிரம் கன்று தருவார்களாம்.
மாதிரிக்கு ஒன்று, கறுப்புப் பையில்.
நட்ட இடத்தில் கம்பெனி பெயரோடு ஒரு பலகை,
வேறெதுவும் கேட்கவில்லை.

கெம்பி பையைத் தூக்கி
அடிமண்ணை விரலால் நிமிண்டிப் பார்த்தாள்.
‘கன்றுக்கு இங்கே என்ன பஞ்சம்?
உண்ணிச்செடி மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது,
அடியில் நெல்லி மூச்சுக்குத் தவிக்கிறது.
வெட்டத் தெரியும் எங்களுக்கு.
வெட்டுகிற நாளில் உலை வைக்க வேண்டுமே.’

அப்போ என்னதான் வேண்டும் என்றார் கண்ணாடிக்காரர்.
கோபமாகக் கேட்கவில்லை.

கோடைமழைக்கு முன்னால் முப்பது பேருக்குக் கூலி.
பரணுக்கு டார்ச், பேட்டரியோடு,
பேட்டரி இல்லாத டார்ச் ஏற்கனவே மூன்று தந்துவிட்டார்கள்.
எங்கள் காட்டு உரிமை மனு
நாலு வருடமாய் ஓசூர் ஆபீஸில் படுத்திருக்கிறது,
அதை எழுப்பிவரப் பஸ் காசு.
‘ஜெராக்ஸும் எழுது’ என்றான் பசுவன்,
‘மேப்பைத் தொலைச்சுட்டு நம்மையே கேட்கிறாங்க.’

பலகை… என்று இழுத்தார் கண்ணாடிக்காரர்.
ஆனை முதுகு சொறிய ஆகும், என்றாள் கெம்பி,
சாய்ந்தால் கேஸ் எங்கள் மேல் வரும்.
எல்லோரும் சிரித்தார்கள், அவரும்.
சிரிப்பை நான் குறிப்பில் சேர்க்கவில்லை.

பலகை இல்லாமல் மேலிடத்தில் என்ன காட்டுவது?
இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள் என்றேன்.
செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்,
நாற்பத்தி மூன்று பெயர்,
பாதிக்குமேல் ஊதாக் கட்டைவிரல்.

மாசியில் பணம் வந்தது. கேட்டதில் பாதி.
தொட்டஹள்ளா கரையிலிருந்து பாறைவரை வெட்டினோம்,
அதற்கு அப்பால் உண்ணி அப்படியே நிற்கிறது,
சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூத்துக்கொண்டு.
மனு இன்னும் ஓசூரில்.

வெட்டிய இடத்தில் வெயில் இறங்கியது.
இரண்டு மழைக்குப் பிறகு போனோம்:
நெல்லி, மயிலிறகுத் துணுக்குபோல்,
இங்கே, இதோ இங்கே, கால் வைக்காதே இங்கேயும்.
எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.
யார் நட்டது என்று எழுத
அந்த நோட்டில் கட்டமில்லை.

அவர்கள் விட்டுப்போன கறுப்புப் பைக்கன்றுக்கு
என் மகள் தினமும் ஒரு சொம்பு ஊற்றுகிறாள்.
மூன்று இலை விட்டிருக்கிறது.
என்ன மரமென்று
எங்கள் யாருக்கும் தெரியவில்லை.