கொறடாவின் கணக்கு

கானாடுகாத்தானில் வந்து இறங்கும்வரை
பஸ்ஸின் திரைச்சீலைகள் மூடியே இருந்தன.
தோற்றவங்களுக்கு எதுக்குங்க திரை என்றான் டிரைவர்.
நியாயம்தான்.
ஆட்சி போய்ப் பத்தொன்பது நாள்.
தலைவரே சொந்தத் தொகுதியில் மண்ணைக் கவ்வியாயிற்று.
மிச்சம் முப்பத்தொரு பேர்.
திங்கட்கிழமை சபாநாயகருக்குக் கடிதம் போவதற்குள்
இந்த உடம்புக்கு ஒரு தலை வேண்டும்.

மாளிகையை ஹோட்டலாக்கிய குடும்பம்
பினாங்கிலிருந்து ஒரே ஒரு நிபந்தனை சொன்னது:
உள்ளே செருப்பு கூடாது,
ஆத்தங்குடிக் கல் கீறிவிடும்.
முகப்பில் வரிசையாகச் செருப்புகள்.
எனக்கு அது தோதாகப் போயிற்று.
ஆளை எண்ணினால் ரோஷம் வரும்,
"நாங்க என்ன ஆட்டுமந்தையா?"
செருப்பை எண்ணினால் யாரும் கேட்பதில்லை.

கொறடா என்றால் சாட்டை என்று
பதவி வந்த அன்று ஒரு நிருபர் விளக்கினார்.
என் கையில் இருந்ததோ
கோடு போட்ட நோட்டு ஒன்று,
பின்னால் ரப்பர் வைத்த பென்சில்,
பிரஷர் மாத்திரை.

கைபேசிகளை வாங்கிக்
கல்யாணச் சமையல் அண்டாவில் போட்டு மூடினோம்.
ராத்திரி முழுக்க இரண்டாம் கட்டில் அது உறுமியது.
மூடிமேல் கை வைத்துப் பார்த்தேன்.
வெதுவெதுப்பாக இருந்தது.

மங்களசாமி பக்கம் பதினான்கு.
சொர்ணலிங்கம் பக்கம் பதினான்கு.
மதில்மேல் மூன்று:
இரண்டு பேரிடமும் "ஆகட்டும்" என்ற செபஸ்தியான்,
யாரிடமும் வாய் திறக்காத பிச்சைக்கண்ணு.
மூன்றாவது பெயரை நான் நோட்டில் எழுதவில்லை.

மத்தியானப் பந்தியில் மங்களசாமி பக்கத்தில் உட்கார்ந்தார்.
தன் இலைக் கந்தரப்பத்தை என் இலைக்கு மாற்றினார்.
"கணக்கு உனக்குத்தானே தெரியும், உமையாள்."
இருபது வருஷத்துக்கு முன்
எனக்கு முதல் சீட்டு வாங்கித் தந்தவர்.
சொர்ணலிங்கம் எதையும் மாற்றவில்லை.
தூணைத் தட்டி, பர்மாத் தேக்கு,
நூறு வருஷமாகக் கூரை ஒரு அங்குலம் இறங்கவில்லை என்றார்.
தன்னைத்தான் சொல்கிறார் என்று விளங்க
எனக்கு ஒரு டம்ளர் காபி ஆயிற்று.

இரண்டரை மணிக்கு எண்ணினேன். முப்பது ஜோடி.
திரும்ப எண்ணினேன்.
தேய்ந்த டயர் செருப்பைக் காணவில்லை.

செட்டிநாடு ஸ்டேஷன் பெஞ்சில் பிச்சைக்கண்ணு.
கேட்கீப்பர் போனை இரவல் வாங்கி
மனைவியிடம் தாழ்ந்த குரலில்:
"தேர்தல் கடனை யாரு அடைப்பாகன்னு
கேட்டுத்தான் சொல்லணும், கொஞ்சம் பொறு."
என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.
அவ்வளவு வட்டியா என்றேன்.
அவ்வளவுதான் என்றார்.
சரக்கு ரயில் ஒன்று நிற்காமல் போனது,
பெட்டிகளை எண்ணாமல் இருக்க முயன்றேன்.
"அம்மா, கால்ல செருப்பில்லாமயா வந்தீக?"
அப்போதுதான் முள் உறைத்தது.

காலையில் நோட்டுத் தாளைக் கிழித்துச் சீட்டுப் போட்டோம்.
தூக்குச்சட்டிதான் வாக்குப்பெட்டி.
நானே பிரித்தேன், நானே படித்தேன்.
பதினைந்து, பதினைந்து.
பிச்சைக்கண்ணு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை,
கடன் எந்தப் பக்கம் என்றும்.
கடைசிச் சீட்டு பென்சிலில் இருந்தது.
மற்றதெல்லாம் பால்பாயிண்ட்.
வளவில் யாரும் இருமக்கூட இல்லை.

சொர்ணலிங்கம் என்று படித்தேன்.

மாலை எங்கிருந்தோ வந்தது. முன்பே வாங்கியிருக்கிறார்கள்.
அண்டாவைத் திறந்ததும் ஆளுக்கொரு போனோடு
ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள்.
மங்களசாமி மட்டும் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கினார்.
வானம் தெரியும் இடத்துக்குப் போய்
வெயிலில் தூக்கிப் பிடித்தார்.
ரப்பர் எழுத்தை எடுக்கும்,
அழுத்தி எழுதிய பள்ளத்தை எடுக்காது.
தன் பெயரை அதில் படித்துவிட்டு
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
ஒரு வார்த்தை இல்லை.
முதல் ஆளாக முகப்புக்குப் போனார்.

பழக்கதோஷம்,
எண்ணிப் பார்த்தேன்.
முப்பது.