ஏழு பத்து பஸ்ஸில் ஆறு பாட்டு

இரவு வேலை முடிந்து ஏறினேன்.
அக்கரைப்பற்று பஸ், கடைசிக்கு முந்திய சீட்.
தலைக்கு மேலே ஸ்பீக்கர்.
வலை கிழிந்து, உள்ளே யாரோ செருகிய லொத்தர் துண்டு.
புதுப்படம், நேற்றுத்தான் வந்த பாட்டுகள் என்றான் ஹஸ்மீர்,
மிச்சக் காசோடு சேர்த்துத் தருவதுபோல.

கல்லடிப் பாலத்தில் முதலாவது.
கதாநாயகன் வருகிறானாம்.
வரட்டும்,
அதற்கு நாற்பது பறை எதற்கு?
நாற்பதும் ஒரே பறை.
ஒருவன் ஒருமுறை அடித்ததைப்
போட்டோக்கொப்பி எடுத்திருக்கிறார்கள்.
நாற்பது பேர் அடித்தால்
ஒருவனாவது பிந்துவான்.
கலியாண வீட்டில் எப்போதும் ஒருவன் பிந்துவான்,
அவனைப் பார்த்துத்தான் சிரிப்போம்.

இரண்டாவது
காத்தான்குடிப் பேரீச்சை மரங்களுக்குள் போய்விட்டது.
என்ன பாட்டென்று கேளாதீர்கள்.

மூன்றாவது காதல்.
பெண் குரல். நல்ல குரல்தான்.
பல்லவி முடிந்தது, சரணம் வந்தது,
சரணத்தின் நீள வரியும் முடிந்தது.
நான் காத்திருந்தேன்.
அவள் மூச்சு எடுக்கவேயில்லை.

என் வேலை மூச்சுக் கேட்பது.
நெஞ்சுநோய் வார்டு, பதினெட்டுக் கட்டில்.
பதினாலில் இஸ்மாலெவ்வை,
சம்மாந்துறை ஆலையில் முப்பது வருட உமித்தூசு.
அவர் இழுக்கையில்
நனைந்த சாக்கைத் தரையில் இழுக்கிற சத்தம்.
அது கேட்கும்வரை உட்கார்ந்து சார்ட் எழுதுவேன்.
நின்றால் ஓடுவேன்.

இவளுடையதை யாரோ கத்தரித்திருக்கிறார்கள்,
அரிசியில் கல் பொறுக்குவதுபோல, ஒவ்வொன்றாய்.
பொறுக்கியவருக்கு நல்ல பொறுமை.
காதுமடலில் வாய்வைத்துப் பாடுகிறாள்,
மடலில் சூடு இல்லை.

நாலாவது மழைப் பாட்டு.
ஓந்தாச்சிமடத்தில் வெளியே
உண்மையாகவே தூறத் தொடங்கி
பஸ் கூரையில் தடதடத்தது.
ஸ்பீக்கர் மழைக்கு
விழுவதற்கு ஒரு தகரம்கூட இல்லை.
வயலின்களுக்கு நடுவே
அப்படியே அந்தரத்தில் நின்றது.

கல்லாறு தாண்டி ஐந்தாவது.
இசையமைத்தவரே பாடுகிறார் போலும்.
கட்டைக் குரல், ஒற்றைக் கிட்டார்.
இரண்டாம் வரிக்கு முன்னால்
இழுத்தார்:
வாய் திறந்து, மூக்கடைத்த ஆளின் இழுவை,
நுனியில் சின்னதாய் ஒரு கீச்சு.
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
என் விரல்கள் கழுத்தில்
ஸ்டெதஸ்கோப்பைத் தேடின.

ஹஸ்மீர் அடுத்ததற்குத் தாவினான்.
“செத்த வீட்டுப் பாட்டு மிஸ், காலங்காத்தால.”
“தம்பி, அதைத் திருப்பிப் போடு.”
டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.
கல்லாற்றில் ஏறி என் பக்கத்தில் இருந்த
மீன்காரியும் பார்த்தாள்.
“முழுக்க வேணாம். அந்த இழுவை மட்டும்.”

பெரியநீலாவணைக்கும் பாண்டிருப்புக்கும் இடையில்
மூன்று தரம் போட்டான்.
மூன்றாம் தரம் அவனே கேட்டான்:
“இந்த ஆளுக்குச் சுகமில்லையா மிஸ்?”
சிகரட் என்றேன்.
பெரிதாய் ஒன்றுமில்லை,
பாடலாம்.

எப்படி இது தப்பியது?
பணம் முடிந்திருக்கலாம்.
பொறுக்குகிறவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கலாம்.
அல்லது அவரே, அந்தக் கட்டைக் குரல்காரர்,
கதவடியில் நின்று
வேண்டாம் விடுங்கள் என்றிருக்கலாம்.

கல்முனையில் சனம் அள்ளுப்பட்டு ஏறியது.
ஆறாவது, முதலாவதேதான்,
இன்னும் வேகமாய்.
நாற்பது பறையும் பிந்தாமல் வந்தன.
வெற்றுக் கூடையை மடியில் வைத்தபடி
மீன்காரி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.
வாய் திறந்திருந்தது.
நிமிடத்துக்குப் பதினாறு.