யாரிடம் தோற்றீர்கள்

பதினாலு ஆட்டம், பதினாலு வெற்றி.
அலமாரிக் கண்ணாடிக்குள் இடமில்லாமல்
கோப்பைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றன.
முதல்வர் அம்மா பேனர் அடித்தார்.
மஞ்சக்குப்பம் மைதானத்து மூலையில்
மழைவரைக்கும் தொங்கியது.

அதை நம்பித்தான் தேவனாம்பட்டினம் போனேன்.
புவிஷா, ப்ளஸ் டூ, ஐந்தடி பதினொன்று.
நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வந்தாள்.
ஃபீஸ் கிடையாது என்றேன்.
வீட்டிலிருந்தே வந்துபோகலாம் என்றேன்.
வருஷத்துக்கு ரெண்டு ஜோடி ஷூ என்றேன்,
முதல்வரிடம் இன்னும் கேட்காமலே.
மீன்பெட்டியைக் கழுவியபடி அவள் அம்மா தலையாட்டினாள்.
அவள் மட்டும் கேட்டாள்:
"போன வருஷம் யார்கிட்ட தோத்தீங்க மேடம்?"

"யார்கிட்டயும் இல்லம்மா."

"அப்ப யாரோட ஆடுனீங்க?"

பண்ருட்டியில் ஒரு கல்லூரி.
ஆறு பேர்தான் வந்தார்கள், அதில் ஒருத்திக்கு ஜுரம்.
சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒன்று.
வளையத்தில் வலை இல்லை,
பந்து உள்ளே போனதா என்று ரெஃப்ரி எங்களைக் கேட்டார்.
விருத்தாசலத்தில் எழுபத்திரண்டுக்கு எட்டு.
சொல்லச் சொல்ல
முலாம் பல்லிளித்தது.

அட்டவணை போடுபவள் நான்தான்.
ஜூலையில், காலண்டர் தாளின் பின்பக்கத்தில்,
அரிசியில் கல் பொறுக்குவதுபோல்
கடினமான பெயர்களையெல்லாம் பொறுக்கித் தள்ளியவள்.

அன்றிரவே சென்னைக்குப் போன் போட்டேன்.
"உங்களோட ஆடி எங்களுக்கு என்ன கிடைக்கும்?"
மரியாதையாகத்தான் கேட்டார் அந்தக் கோச்.
ஒரே ஒரு ஆட்டம், செலவு எங்களுடையது,
அடுத்து நீங்கள் கடலூர் வந்தால்
வஞ்சிரம் குழம்பு என்றேன்.

விடிகாலை நாலரைக்கு வேன்.
திண்டிவனம் டீக்கடையில் யாரும் பேசவில்லை.
எண்பத்தொன்று, இருபத்தாறு.
என் பிள்ளைகள் அந்த வருஷத்தில் முதல்முறையாக
மூச்சு வாங்கி, மாற்று கேட்டுக் கை தூக்கினார்கள்.
முட்டியில் கட்டிய ஐஸ்
மரக்காணம் தாண்டுமுன் தண்ணீராகிவிட்டது.
"இன்னொரு தடவை போலாமா மேடம்?" என்றாள்
கேப்டன் நஸீஹா, ஜன்னலைப் பார்த்தபடி.

பேனர் இல்லை.

புவிஷாவும் வந்திருந்தாள், நான் கூப்பிட்டுத்தான்.
நோட்டுப் புத்தகத்தில் ரீபவுண்ட் எண்ணிக்கொண்டிருந்தாள்.
ஜூனில் சேர்ந்தாள்,
அந்தச் சென்னைக் கல்லூரியில்.
குறை சொல்ல வாயில்லை எனக்கு,
வழி காட்டி வண்டியேற்றியவளே நான்.

அட்மிஷன் முடிய நாலு நாள்.
நெல்லிக்குப்பம், ஆலைச் சங்கு ஊதும் நேரம்.
சரண்மதி, இடக்கைக்காரி,
பந்தைக் கீழே வைக்காமல் கேட்கிறாள்:
"இந்த வருஷம் யாரோட மேட்ச்?"

அட்டவணையை நீட்டினேன்.
டிசம்பர் ஒன்பது, சென்னை அணி, நம் மைதானம்.
விரலை அங்கேயே வைத்திருந்தாள் வெகுநேரம்.
"புவிஷா அக்கா வருவாங்கல்ல?
அவங்கள யாரு கார்டு பண்றது?"

அந்த இடம்
இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்றேன்.