சர்க்கரை போடலாமா

சோமனூர் சந்தைக்கு எதிரே
சென்னியப்பன் டீக்கடையில்
யாரும் டீ என்று டீ கேட்டதில்லை.

திக்காக வேண்டுமென்றால் 'சாயப்பட்டறை'.
கூட்டம் ஏறி, பாலில் தண்ணீரும் ஏறினால்
அது 'ஒறம்பரை'.
மேலே நுரையும் கீழே கால் கிளாசுமாய் வந்தால்
'வாக்குறுதி': தேர்தல் இல்லாத நாளிலும் கிடைக்கும்.
சர்க்கரை வியாதிக்காரருக்குச் 'சம்மந்தி',
பார்க்க ஒரு குறையில்லை,
வாயில்தான் இனிப்பு இல்லை.
கோடையில் அவர் ஊற்றும் மோருக்கு
'மாட்டைப் பார்த்த தண்ணி' என்று பெயர் வைத்தது
அவரல்ல, நான்.
அதற்காக ஒரு வாரம் எனக்குக் கடன் நிறுத்தினார்.

பால் சேராத வரக்காப்பிதான் 'மொட்டைச்சி'.
இருபது வருசமாய் என் காலை அது.
ராத்திரி ஷிப்ட் முடிந்து
காதுக்குள் இன்னும் தறி ஓட,
ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே கத்துவேன்:
மொட்டைச்சி ஒண்ணு!
ஒருநாளும் அந்தச் சொல்லை
திருப்பிப் பார்த்ததில்லை.

ஐப்பசியில் அவர் போனார்.
பதினேழாம் நாள் கடை திறந்திருந்தது.
பாய்லருக்குப் பின்னால் துளசிமணி.
நெற்றியை நான் பார்க்கவில்லை.
பார்த்தேன்.

பெஞ்சில் நாலு பேர்,
ஒரே பேப்பரின் நாலு தாளுக்குள்.
சாயப்பட்டறையும் சம்மந்தியும்
முனகலாய்ச் சொல்லியாயிற்று.
என் முறை.
அந்த... கறுப்பா... பாலு வேண்டாம்...
நூலறுந்த நாடாவாய் நாக்கு நடுவில் நின்றது.

"ஏனுங்க, இருவது வருசத்துப் பேரு
பதினேழு நாள்ல மறந்துபோச்சுங்களா?"

வரக்காப்பிங்க, என்றேன்,
ஆஸ்பத்திரி கேண்டீனில் கேட்பவனைப் போல.

ரெண்டு ஆற்று ஆற்றி
கிளாசை என் முன்னால் வைத்தாள்.
"கறுப்பு. கசப்பு. தொட்டாச் சுடும்.
இனி இதுக்குச் சென்னியப்பன்னு பேருங்க."

கல்யாணமாகி முப்பத்தோரு வருசம்
அவள் வாயால் அந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை.
ரேசன் கடையில்கூட
கார்டைத்தான் நீட்டுவாள்.
நாலு தாளும் கீழே இறங்கின.

இப்போது சத்தமாகவே கேட்கிறார்கள்:
சென்னியப்பன் மூணு, ஒறம்பரை ஒண்ணு!
எனக்குத்தான் இன்னும் முதலெழுத்தில் திக்குகிறது.

நேற்று ஒருவர், கருமத்தம்பட்டிக்காரர், கடைக்குப் புதுசு,
சென்னியப்பனுக்குச் சர்க்கரை போடலாமா என்றார்.
அந்த மனுசனுக்கா, என்றாள்.
அப்புறம்
ரெண்டு கரண்டி போட்டாள்.