ஒரே க

ஸ்பெல்லிங் மிஸ்டேக் என்றுதான் நினைத்தேன்.
நெஞ்சில் அச்சான சொல் ஜி-யில் தொடங்குகிறது,
கழுத்து லேபிளில் அதே சொல் சி-யில்.
நாடு ஒன்றுதானே, தலையெழுத்து எப்படி இரண்டு?
மேசையைத் தட்டி மெஷினை நிறுத்தினேன்.

நாலாயிரத்து இருநூறு பீஸ்.
மூன்று மாதக் குழந்தையின் அளவு,
என் இரு உள்ளங்கை விரித்தால் மூடிவிடும்.
பாதிப் பன்னை மென்றபடி
செங்கோடன் முதலாளி ஓடிவந்தார்.
"ஏனுங் மயிலா, நாலு நாள்ல கப்பல்.
உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமுங்களா?"
"இது இங்கிலீஷே இல்லீங்க" என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

வேலம்பாளையத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு
போரே தா என்றது வாய்ஸ் மெசேஜ்.
அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தானாம்.
நெரிஸ் என்று பெயர், ஆர்டர் கொடுத்த பெண்.
தப்பில்லை, இரண்டும் சரி என்றாள்.
தர்ஷனா கேட்டுக் கேட்டுச் சொன்னாள்:
முன்னால் ஒரு 'இ' வந்து நின்றால்
பின்னால் வரும் நாடு குரலை இளக்கிக்கொள்ளுமாம்.
கிரோய்சோ இ கம்ரி.
வேல்ஸுக்கு நல்வரவு.

லாட் நோட்டில் குறித்துக்கொண்டேன்.
லேபிளுக்கு: கம்ரி.
நெஞ்சுக்கு: கம்ரி.
அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.
அதே க.
ஒரு மணி நேரம் மெஷினை நிறுத்திய சண்டை
என் எழுத்தில் நடக்கவே இல்லை.
கடையில் ஒரு க, தங்கத்தில் வேறு க;
இத்தனை வருசம் வாய் பார்த்துக்கொண்டது,
கை ஒன்றும் கேட்கவில்லை.

மற்றதெல்லாம் அவ்வளவு லேசில்லை.
நன்றிக்கு டியோல் என்று தொடங்கி
தொண்டையில் பஞ்சு சிக்கினாற்போல் முடிக்கணும்.
எப்படி எழுத? யோசித்து
மூன்று புள்ளி வைத்தேன். டியோல்ஃ.
அஃதையும் எஃகையும் விட்டால்
வேலையில்லாமல் கிடந்த எழுத்துக்கு
அன்றைக்கு ஓவர்டைம்.

பாலுக்கு இரட்டை எல்-லில் ஒரு சொல்.
நாக்கை 'ல'வில் நிறுத்திக் காற்றை விடணுமாம்.
எனக்கு வரவில்லை.
அயர்னிங் டேபிளில் நீராவிப் பெட்டி
நாளெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மழை பெய்கிறது என்றால்
மழை அடிக்கிறது என்பார்களாம்.
அது பரவாயில்லை.
இங்கேயும் நாலு தூறலுக்கே
'அடிச்சு ஊத்துது' என்றுதானே லீவு கேட்கிறோம்.

இந்தச் சட்டையைப் போடப்போகிற குழந்தைக்கும்
வாசிக்கத் தெரியாது
என்று எண்ணிக்கொண்டே மடித்தேன்.
எண்ணிக்கை தவறி, முதலிலிருந்து எண்ணினேன்.

கடைசி லாட் ராத்திரிச் சட்டை.
நெஞ்சில் நோஸ் தா.
நோஸ் என்றால் இரவு, தா என்றால் நல்ல.
நல்லது பின்னால்தான் வரும் அந்த ஊரில்.
பத்தரைக்கு ஷிப்ட் முடிந்து
பெட்டி ஒட்டுகிற பிபூதியிடம் சொல்லிப் பார்த்தேன்.
ஒடிசாவிலிருந்து வந்து ஏழு மாசம்,
தமிழ் பழகுகிற அவசரத்தில் இருக்கிறான்.
தமிழ் என்றே நினைத்துக்கொண்டான்.

மறுநாள் ராத்திரி கேட்டில்
வாட்ச்மேன் ராக்கியண்ணனிடம்
சுத்தமாய்ச் சொன்னான்: நோஸ் தா.
அவர் காதில் விழுந்தது 'தா' மட்டும்.
"என்னத்தடா தர்றது?"
சட்டைப் பையைத் தடவி
ஒரு பீடி எடுத்துக் கொடுத்தார்.

கப்பல் போய் மூன்று வாரம் ஆகிறது.
தினமும் பத்தரைக்கு
பிபூதி அதைச் சொல்லிவிட்டுக்
கையை நீட்டுகிறான்.