வண்டி எண் இல்லாத சீட்டு

வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரித் தராசு
என்னை ஏற்றிக்கொண்டு கொஞ்சம் யோசித்தது.
பிறகு எண்ணுக்குப் பதில் ஒரு கோடு காட்டியது.
மயக்கம் கொடுக்கிற டாக்டர்,
"சரியான எடை வேணுமே" என்றார்.
எடை போடுவதுதான் என் பிழைப்பு
என்று அவரிடம் சொல்லவில்லை.

தாழையூத்தில் அறுபது டன் மேடை.
சுண்ணாம்புக்கல், ஜல்லி, சாம்பல்,
எது வந்தாலும் முதலில் வெத்து வண்டி, அப்புறம் லோடு.
கழித்தால் சரக்கு.
பதினெட்டு வருசமாகக் கழிக்கிறேன்.
மைதீன் பிச்சை லாரியிலிருந்து எட்டிப் பார்த்து,
"வே கொம்பையா, மேடையில நிக்காதயும்,
கல்லுக்காரன் கணக்குல ஏறிரும்" என்பான்.
எல்லாரும் சிரிப்பார்கள்.
நான்தான் முதலில் சிரிப்பேன்.

அன்று ராத்திரி ரெண்டு மணிக்கு
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்,
பத்துப் பத்து கிலோவாகத்தான் அது எண்ணும் என்று தெரிந்தும்.
இரும்பு பகல் வெயிலை இன்னும் வைத்திருந்தது.
உள்ளே உலகம்மாள், பொத்தான் பக்கத்தில்.
"வண்டி எண் என்னன்னு கேக்கு."
"வெறுமன விடு."
170.

ஈரலில் கொழுப்பு. அது சுருங்கினால்தான்
கத்திக்கு வழி கிடைக்குமாம்.
பதினஞ்சு நாள் மாவு கரைத்த பால், தெளிந்த ரசம்,
மூச்சை இழுத்தால் ஏறுகிற மூணு பந்து.
மூணாவது பந்து கடைசிவரை ஏறவில்லை.
அதற்கு முந்தின நாள் உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல்.
"ஊருக்குப் போறவன் மாதிரி சாப்பிடாதீங்க" என்றாள்.
அப்படித்தான் சாப்பிட்டேன்.

ஆறு இடத்தில் கையெழுத்து.
ஐந்தாம் தாளில் செத்துப்போவது பற்றி ஒரு வரி,
மற்ற வரிகளைப் போலவே சின்ன எழுத்தில்.

விழித்தபோது வலி வயிற்றில் இல்லை,
தோளில்.
"உள்ள விட்ட காத்து. நடந்தாத்தான் போகும்"
என்று எப்சிபா சிஸ்டர் எழுப்பிவிட்டார்.
வராண்டாவில் ஒரு கையில் டியூப்,
ஒரு கையில் உலகம்மாள்.
ஐந்தில் நாலு பங்கை எடுத்தாச்சு,
மிச்சம் ஒரு வாழைப்பழம் அளவு.
எடுத்தது எத்தனை கிலோ என்று
எப்சிபாவிடம் கேட்டேன்.
"கிலோவா?" என்றார்.

மருந்து மூடியில் தண்ணீர்.
ஒரு மூடி. கால் மணி நேரம். இன்னொரு மூடி.
கொக்கிரகுளம் பாலத்தில் கார் நின்றபோது
கீழே ஆறு கரை தொட்டுப் போனது.
எனக்கு அதில் முப்பது மில்லி.

மூணாம் மாசம் தச்சநல்லூரில் கல்யாணம்,
மறுநாள் சொதிச் சாப்பாடு.
மூணு கரண்டி நல்லாத்தான் இருந்தது.
நாலாவதில் வேர்த்து, நெஞ்சு அடித்து,
மண்டபத்துக்குப் பின்னால் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
"சுகர் முத்திட்டோ" என்றது ஒரு குரல்.
"ஆமா" என்றேன். லேசாக இருந்தது.

தலையணையில் முடி.
சோப்புத் தண்ணியில் கழன்ற மோதிரம்.
வயிற்றுத் தோல் மட்டும்
சரக்கு இறக்கிய சாக்காகத் தொங்கியது.
மைதீன் பிச்சை இப்போது கேலி செய்வதில்லை.
"வே, ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்கிறான்.
பழைய கேலிக்கே ஏங்குகிறது.

ஆறாம் மாசம், அதே ரெண்டு மணி.
110, 120, 110,
சிவப்பு எழுத்து நிற்காமல் ஆடியது.
உலகம்மாள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.
பிறகு, கூப்பிடாமலே, பக்கத்தில் ஏறினாள்.
170.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
"எனக்குப் பசிக்கு" என்றாள்.

அப்போதுதான் தைத்தது.
இத்தனை மாசமும் அடுப்படியில் முதுகைக் காட்டி,
தட்டுச் சத்தம் கேட்காமல்,
தாளிக்காமல்,
அவள் எதையோ விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கேபினில் தூக்குவாளியைத் திறந்தாள்.
சோறு, கருவாட்டுக் குழம்பு.
எனக்கு நேரே உட்கார்ந்து
விரலை நக்கி, ரெண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாள்.
வெளியே மேடையில் ஒரு லோடு வந்து நின்று
ஹாரன் அடித்தது.
அடிக்கட்டும்.